பழைய கண்ணாடியில் படரும் மூட்டம்

டென்மார்க்கில் 1825-இல் தொடங்கப்பெற்ற ஹோல்மெகோர் கண்ணாடித் தொழிற்சாலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1942 முதல் அங்குப் பணியாற்றிய பேர் லூட்கென் என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கிய பூச்சாடிகளையும் கிண்ணங்களையும் இன்றும் பலர் தேடிச் சேகரிக்கின்றனர். 1950-களில் ஊதிச் செய்யப்பட்ட அத்தகைய சாடியொன்றை வாங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது, உட்புறம் வெண்மூட்டம் படர்ந்துள்ளதா என்பதே.

இம்மூட்டம் இரு வகைப்படும். ஒன்று, கடின நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு. வினிகரை ஊற்றிச் சில மணி நேரம் வைத்தால் அது கரைந்துவிடும். மற்றொன்று, கண்ணாடியின் அரிப்பு. சாதாரணக் கண்ணாடி, மணலுடன் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கிச் செய்யப்படுவது. நீர் நெடுநாள் தேங்கி நின்றால் சோடியம் அயனிகள் வெளியேறுகின்றன. அவற்றின் இடத்தில் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் புகுகின்றன. இதனால் காரத்தன்மை பெறும் நீர், மணலின் சிலிக்காவையே அரிக்கிறது. நுண்குழிகள் தோன்றி ஒளி சிதறுகிறது. இதை வினிகர் போக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை! அரிக்கப்பட்ட சாடி, நனைந்திருக்கும்போது தெளிவாகத் தோன்றும். காற்றின் ஒளிவிலகல் எண் 1; நீருக்கு 1.33; கண்ணாடிக்குச் சுமார் 1.5. குழிகளில் நீர் நிரம்பினால் வேறுபாடு குறைந்து, சிதறலும் குறைகிறது. எண்ணெய்க்குச் சுமார் 1.47 ஆதலால் மூட்டம் ஏறக்குறைய மறைந்தே போகும். சன்னலில் பதித்த மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தை ஈர விரலால் தொட்டுப் பாருங்கள், உண்மை விளங்கும்.

ஆகவே, சாடியைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு உலர்த்திப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். வாங்கிய பின்னும் அதில் நீரைத் தேங்கவிடாதீர்கள்.