சி.டி. டிரைவுக்கு ஓட்டை உண்டு, கார் பிரேக்குக்கு?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் எதற்கு என்று கேட்பீர்கள். புதிய கார்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக்கும் கம்ப்யூட்டர் சமாச்சாரமாகிவிட்டது. 2001-ல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் போன்ற விலை உயர்ந்த கார்களில் தொடங்கியது, இப்போது நடுத்தரக் குடும்பத்தின் கார் வரை வந்துவிட்டது. லிவர் இல்லை. வட்டத்துக்குள் 'பி' என்று போட்ட ஒரு சுவிட்ச்தான்.

எங்கள் ஊர் தென்காசி அருகே உள்ள சுந்தரபாண்டியபுரம். குற்றால சீசன் தொடக்கத்தில் காரை வீட்டு வாசலில் நிறுத்தி, சுவிட்சை இழுத்துவிட்டு, பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறிவிட்டேன். ஏழு வாரம் கழித்து ஓர் இரவு அம்மாவுக்கு மூச்சுத் திணறல். பக்கத்து வீட்டு அண்ணாச்சி காரை எடுக்க வந்தார். சாவி போட்டுக் கதவு திறந்தது. உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. தள்ளினாலும் அசையவில்லை. "ஏல, இதுல ஹேண்ட் பிரேக் எங்கலே இருக்கு?" என்று அப்பா போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆட்டோ பிடித்து தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மா இப்போது நலம்.

என்ன நடந்தது? சுவிட்சை இழுத்தால் கன்ட்ரோல் யூனிட் ஒரு சிறு மோட்டாரை ஓட்டும். மோட்டார் ஒரு திருகைச் சுழற்றி, பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும். அதன் பிறகு கரன்ட் தேவையில்லை, திருகு தானாகப் பின்வாங்காது. அதனால்தான் பேட்டரி செத்தாலும் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. விடுவிக்க மட்டும் கரன்ட் வேண்டும்!

டெஸ்க்டாப்பின் சி.டி. டிரைவ் பவர் இல்லாமல் திறக்காதபோது, முன்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விட்டுத் திறப்போம். சில கார்களில் அப்படி ஓர் அவசர வழி உண்டு. பெரும்பாலானவற்றில் கிடையாது.

பேட்டரி ஏன் இறங்குகிறது? பூட்டிய காரும் முழுதாக ஷட் டவுன் ஆவதில்லை. ஸ்டாண்ட்-பையில் இருக்கும் கம்ப்யூட்டர் போலத்தான். அலாரம், ரிமோட் ரிசீவர் எல்லாம் விழித்திருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்தாலும் ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-ஹவர். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி போக ஒரு மாதம் போதும். வெளியே வாங்கி மாட்டிய ஜி.பி.எஸ். கருவி இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதோடு சாரல் வேறு. இரும்பு டிஸ்க் ஈரத்தில் துருப்பிடித்து, பேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் வேறொரு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் கொடுத்து பிரேக்கை விடுவித்த பிறகும் சக்கரம் சுழலவில்லை. மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தியபோது 'டப்' என்று விட்டது. அங்கே ஆக்சிலரேட்டரை மிதித்து முரட்டுத்தனம் காட்டக் கூடாது.

ஆகவே வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள், இடமும் சமதளம் என்றால் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். மேனுவல் கார் முதல் கியரில், ஆட்டோமேட்டிக் 'பி'-யில் இருக்கட்டும். ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அண்டக் கொடுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும். சரிவான இடமென்றால் இந்த யோசனையே வேண்டாம். பிரேக் போட்டே ஆக வேண்டும்.

சில கார்களில் இன்ஜினை அணைத்ததும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும். கார் மேனுவலில் பாருங்கள் (நானும் அன்றுதான் முதன்முதலாகப் பிரித்தேன்). பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவதாக இருந்தால், பிரேக்கை விடுவித்து, கட்டை வைத்த பிறகு கழற்றுங்கள். காரைக் கழுவிய உடனே நிறுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் மிதித்து டிஸ்க்கைக் காய வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு புளியங்கட்டைகள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் அண்ணாச்சி காரை அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறார். கட்டையை மறந்து வண்டியை எடுத்துவிடக் கூடாதே என்று ஸ்டீயரிங்கில் அப்பா ஒரு அட்டை கட்டியிருக்கிறார்: 'சக்கரத்தில் கட்டை'.