உங்களுக்குத் தெரியுமா? கதையில் வந்த மேல், கீழ்

வருங்காலம் இப்படி ஆகிவிட்டால் என்ன கதி என்று நடுங்கவைக்கும் நாவல்களையும் படங்களையும் ‘டிஸ்டோபியா’ என்கிறோம். ஜனங்களை மேல், நடு, கீழ் என்று அடுக்கிவைக்கும் ஏற்பாடு இல்லாத டிஸ்டோபியாவைப் பார்ப்பது அரிது. அதெல்லாம் எழுத்தாளரின் கற்பனை என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறோம். சரித்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், அவர்கள் கற்பனை செய்தது கொஞ்சம், கண்டதும் கேட்டதும்தான் அதிகம் என்பது புரியும்.

● எச்.ஜி.வெல்ஸின் ‘டைம் மெஷின்’ (1895) நாவலில் 8,02,701-ஆம் ஆண்டில் மனித இனம் இரண்டாகப் பிளந்துபோயிருக்கும். ஒரு வேலையும் தெரியாமல் வெயிலில் விளையாடித் திரியும் ‘ஈலாய்’கள் மேலே, யந்திரங்களோடு இருட்டில் கிடக்கும் ‘மார்லாக்’குகள் பூமிக்கு அடியில். வெல்ஸின் அம்மா 1880 முதல் 1893 வரை இங்கிலாந்தின் சசெக்ஸில் ‘அப்பார்க்’ என்ற மாளிகையில் வேலைக்காரர்களுக்குத் தலைவியாக இருந்தவர். அங்கே சமையற்கட்டு தனிக் கட்டடம். அங்கிருந்து மாளிகைக்கு நிலத்தடியில் சுரங்கப்பாதை. சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்காரர்கள் அந்த வழியாகத்தான் வர வேண்டும். தோட்டத்தில் உலாவும் எஜமானர்களின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அம்மாவைப் பார்க்க வந்து தங்கிய நாட்களில் வெல்ஸ் பார்த்த வீடு அது. மார்லாக்குகளைத் தேடி அவர் எட்டு லட்சம் வருஷம் போக வேண்டியிருக்கவில்லை.

● ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) நாவலில் குழந்தைகள் ஆலையில் புட்டிக்குள் வளர்கின்றன. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்ஸிலான் என்று ஐந்து தரம். கடைசித் தரத்துக் கருவுக்குப் பிராணவாயுவைக் குறைத்துக் கொடுத்து மூளையை மழுக்கிவிடுவார்கள். புத்தகம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1927-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. வர்ஜீனியாவில் ஓர் இளம்பெண். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் பலாத்காரம் செய்ததில் கர்ப்பமானவள். அவளுக்கு ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தி விடுதிக்கு அனுப்பினார்கள். இனி பிள்ளை பெறக் கூடாது என்று அறுவை செய்ய மாநிலம் முடிவெடுத்தது. எட்டு நீதிபதிகள் சரி என்றார்கள், ஒருவர் மட்டும் மறுத்தார். பின்னாளில் ஆய்வாளர்கள் பள்ளிக்கூடப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்தப் பெண் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்துத் தேறியிருக்கிறாள். அவள் பெற்ற மகளோ வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் பட்டியலிலேயே இடம்பிடித்திருக்கிறாள். அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களால் கருத்தடைக்கு ஆளானவர்கள் 60,000-க்கும் மேல். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை நேரடியாக ரத்து செய்யவில்லை.

● அதே ஹக்ஸ்லி நாவலில் தூங்கும் குழந்தைகளின் காதில் இரவெல்லாம் ஒரு பாடம் ஓடும். பீட்டா குழந்தைக்கு அது சொல்வது இதைத்தான்: ஆல்ஃபா ஆனால் வேலை அதிகம், உனக்கு வேண்டாம், காமாவும் டெல்டாவும் முட்டாள்கள், அவர்களோடு சேராதே. மேலே இருப்பவன்மீது பொறாமை வராமலும், கீழே இருப்பவன்மீது இளக்காரம் குறையாமலும் பார்த்துக்கொள்ளும் பாடம் இது. சாதி அமைப்பு இத்தனை நூற்றாண்டு குலையாமல் நிற்பதற்கு டாக்டர் அம்பேத்கர் சொன்ன விளக்கமும் இங்கேதான் வந்து சேர்கிறது. அவர் அதைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றார். வெறும் மேல்-கீழ் என்றால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள். நூறு படி வைத்தால், கடைசிப் படியில் இருப்பவரைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் தன் காலடியில் ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதல் கிடைத்துவிடுகிறது. ஹக்ஸ்லி ஒலிபெருக்கி வைத்துச் செய்ததை இங்கே பாட்டி, தெரு, கல்யாணப் பேச்சு எல்லாம் சேர்ந்து செய்துவிடுகின்றன.

● ‘ஹங்கர் கேம்ஸ்’ (2008) கதையில் சாவு விளையாட்டுக்குப் பிள்ளைகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டில் அரிசிக்கு வழியில்லை என்றால் அரசாங்கத்திடம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஈடாகக் குலுக்கலில் உன் பெயர்ச் சீட்டு இன்னொன்று கூடும். ஏழைப் பிள்ளையின் பெயர் இருபது, நாற்பது தடவை விழுந்து கிடக்கும்.

இதன் மறுபக்கத்தை 1863-இல் அமெரிக்காவே சட்டமாக்கியிருந்தது. உள்நாட்டுப் போருக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் வந்தவர் 300 டாலர் கட்டினால் போதும், போக வேண்டாம். தன் சார்பில் வேறோர் ஆளையும் அனுப்பலாம். 300 டாலர் என்பது அன்று ஒரு கூலித் தொழிலாளியின் ஏறக்குறைய ஒரு வருஷ வருமானம். பிற்காலத்தில் ஜனாதிபதியான குரோவர் கிளீவ்லாந்து, 150 டாலர் கொடுத்துத் தனக்குப் பதிலாக ஓர் ஆளைப் பிடித்தவர்தான். அந்த ஜூலையில் நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. நாலு நாள் நகரம் பற்றி எரிந்தது. என் மனசை அறுப்பது இதற்குப் பிறகு நடந்தது. சட்டம் போட்டவர்கள்மேல் மூண்ட கோபம் கறுப்பின மக்கள்மேல் திரும்பியது. அவர்களைத் தெருவில் அடித்துக் கொன்றார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை விடுதியைக் கொளுத்தினார்கள். காலடியில் ஒருவன் இருக்கிறான் என்ற பாடம் நெருக்கடி நேரத்தில் இப்படித்தான் வேலை செய்கிறது.

● ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலில், நாட்டை ஆளும் ‘உள்கட்சி’ ஜனத்தொகையில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பாட்டாளிகள் 85 சதவீதம். ஆர்வெல் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில், 1903-இல். அப்பா பிரிட்டிஷ் அரசின் அபினி இலாகாவில் வேலை பார்த்தவர். ஆர்வெலும் பர்மாவில் போலீஸ் அதிகாரியாக 1922 முதல் 1927 வரை இருந்தார். ஒரு சிறு கூட்டம் பெருங்கூட்டத்தை எப்படி அடக்கி ஆள்கிறது என்பதை அவர் உத்தியோகத்திலேயே படித்துவிட்டார்.

● பாட்டன் செய்ததற்குப் பேரன் தண்டனை அனுபவிக்கும் நாடு கதையில் மட்டும் இல்லை. வடகொரியாவில் ‘சொங்பன்’ என்று ஓர் ஏற்பாடு. ஜப்பானியர் ஆட்சியிலும் கொரியப் போரிலும் உன் அப்பாவழி முன்னோர் யார் பக்கம் நின்றார், ஏழை விவசாயியா, நிலக்கிழாரா, தெற்கே ஓடிப்போன உறவினர் உண்டா என்று பார்த்து ஜனங்களை விசுவாசிகள், ஊசலாடுபவர்கள், எதிரிகள் என்று மூன்றாகப் பிரித்தார்கள். அதற்குள் 51 உட்பிரிவுகள். தலைநகர் பியாங்யாங்கில் குடியிருக்கலாமா, எந்தப் படிப்பு, எந்த வேலை, யார் பெண் கொடுப்பார்கள் என்பது வரைக்கும் இது போகும். ஐ.நா. விசாரணை ஆணையம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாகப் பதிவுசெய்தது. தாழ்ந்த தரத்தினரை நாட்டின் வடகிழக்கு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். 1990-களின் பஞ்சம் மிகக் கடுமையாக அடித்ததும் அந்த மாகாணங்களைத்தான்.

● மார்கரெட் அட்வுட் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) எழுதும்போது ஒரு விதி வைத்துக்கொண்டார்: மனிதர்கள் எங்கேயோ எப்போதோ செய்யாத எதையும் நாவலில் சேர்ப்பதில்லை. அந்த நாட்டில் பெண்ணின் தரம் உடுப்பில் தெரியும். அதிகாரிகளின் மனைவிகளுக்கு நீலம், பிள்ளை பெற்றுத் தருபவர்களுக்குச் சிவப்பு, சமையல்காரிகளுக்குப் பச்சை, ஏழை வீட்டு மனைவிகளுக்குக் கோடு போட்ட துணி.

இதைப் படிக்கும்போது கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தோள்சீலைப் போராட்டம் ஞாபகம் வராமல் இருக்காது. அந்தப் பகுதி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொண்டு தெருவில் போனால் துணியைக் கிழித்தார்கள், வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னை மாகாண கவர்னரின் நெருக்குதலும் சேர்ந்து, 1859 ஜூலையில் மகாராஜா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதன் வாசகத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்களைப் போல ரவிக்கை போடலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எந்த விதத்திலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது! மானத்தை மறைக்க அனுமதி கொடுத்த அதே கையெழுத்தில், பார்த்தவுடன் சாதி தெரிய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது.

● ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’ படம் 2002-இல் வந்தது. மூலம் ஃபிலிப் கே. டிக் எழுதி 1956-இல் வெளியான சிறுகதை. குற்றம் நடக்கும் முன்பே, செய்யப் போகிறவர் என்று ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். பிரிட்டிஷ் இந்தியா அந்த வேலையை 1871-லேயே ஆரம்பித்துவிட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவுசெய்தது. சென்னை மாகாணத்துக்கு 1911-இல் வந்து சேர்ந்தது. மதுரைப் பக்கத்தில் பிறமலைக் கள்ளர்கள் இதைச் சொல்வது ‘ரேகைச் சட்டம்’ என்று. பத்து விரல் ரேகையையும் பதிந்துகொண்டு, ராத்திரியானால் ஆண்கள் போலீஸ் கண்காணிப்பில் வந்து படுக்க வேண்டும். அசலூருக்குக் கல்யாணம், காரியம் என்று போக வேண்டுமானால் ‘ராதாரிச் சீட்டு’ வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் போனது. நாடு முழுவதும் 1952-இல். சாதிச் சான்றிதழில் ‘சீர்மரபினர்’ என்று பார்க்கிறோமே, அது இந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து மீண்டவர்களைக் குறிப்பது.

● ‘ஸ்னோபியர்சர்’ (2013) படத்தில் உலகமே உறைந்துபோய், மிச்சமிருப்பவர்கள் ஓடும் ரயிலில் வாழ்வார்கள். முன்பெட்டியில் விருந்து, கடைசிப் பெட்டியில் பூச்சியை அரைத்துச் செய்த கட்டி. நிஜத்திலும் பெட்டிக்குப் பெட்டி விதி மாறியதுண்டு: 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் முதல் வகுப்பில் போனவர்களில் சுமார் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 25 சதவீதம்.

● பிரயாக் அக்பரின் ‘லைலா’ (2017) இந்தியாவையே களமாகக் கொண்ட டிஸ்டோபியா. நகரத்தில் ஒவ்வொரு சமூகமும் தன்னைச் சுற்றி வானுயரச் சுவர் எழுப்பிக்கொள்ளும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் பகுதியைப் பிரித்துச் சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுந்தது 1989 வாக்கில். மேலே மின்சாரக் கம்பிகூட இழுத்திருந்தார்கள். 2008 மே மாதம்தான் ஒரு பகுதியை இடித்து வழி விட்டார்கள். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய ஒரு பெரிய சுற்றுச்சுவர் பக்கத்துத் தலித் வீடுகள்மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றுதான் சொன்னார்கள்.

● திறமைக்கு மட்டுமே மரியாதை தரும் சமூகம் நல்லதுதானே என்று நினைப்போம். மைக்கேல் யங் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1958-இல் எழுதிய ‘தி ரைஸ் ஆஃப் தி மெரிட்டாக்ரசி’ அதையே ஒரு கொடுங்கனவாகக் காட்டுகிறது. கதை சொல்லப்படுவது 2034-இல். புத்திக் கூர்மையும் உழைப்பும் சேர்ந்ததே தகுதி என்று கணக்குப் போட்டு ஆட்களைத் தரம் பிரிப்பார்கள். ஜெயித்தவனுக்கு, எல்லாம் என் தகுதி என்ற கர்வம். தோற்றவனுக்கு, விதி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. அப்போது இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்து, நாலில் ஒரு பங்குக்குத் தரமான பள்ளி, மற்றவர்களுக்கு வேறு பள்ளி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கையாக எழுதியதை அரசியல்வாதிகள் லட்சியமாக எடுத்துக்கொண்டதைப் பார்த்து யங் மிகவும் வருந்தினார். பிரதமர் டோனி பிளேரைக் குறிப்பிட்டு, இந்தப் பேச்சை விடுங்கள் என்று 2001-இல் கட்டுரையே எழுதினார்.

● ஹாவ் ஜிங்ஃபாங் எழுதி 2016-இல் ஹியூகோ விருது வாங்கிய ‘ஃபோல்டிங் பெய்ஜிங்’ கதையில் நகரமே மடிந்து திரும்பும். 50 லட்சம் மேல்தட்டினருக்கு 24 மணி நேரம். அவர்கள் தூங்கியபிறகு 2.5 கோடி நடுத்தட்டினருக்கு 16 மணி நேரம். மீதி 8 மணி நேரம், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, 5 கோடி அடித்தட்டினருக்கு. நாயகன் குப்பை பிரிக்கும் தொழிலாளி. வளர்ப்பு மகளை நல்ல மழலையர் பள்ளியில் சேர்க்கப் பணம் வேண்டி உயிரைப் பணயம் வைக்கிறான். சீனாவில் 1958-இலிருந்து இருக்கும் ‘ஹுகோ’ குடிப்பதிவு முறை இதன் பின்னால் நிற்கிறது. கிராமப் பதிவோடு பெய்ஜிங்குக்கு வந்து கட்டடம் கட்டுகிறவரின் பிள்ளை அங்கேயே வளர்ந்தாலும், கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் பெரும்பாலும் சொந்த ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். 2014-இல் சீர்திருத்தம் வந்தது. ஆனாலும் பெய்ஜிங் பதிவு கிடைப்பது இன்னமும் குதிரைக்கொம்பு.

● ‘கட்டாக்கா’ (1997) படத்தில் பிறந்த நிமிடமே ஒரு சொட்டு ரத்தத்தில் ஆயுசு முழுக்கச் சொல்லிவிடுவார்கள். இதயக் கோளாறு வரலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு நல்ல பள்ளியும் இல்லை, நல்ல வேலையும் இல்லை. மரபணுவைப் பார்த்து வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா 2008-இல் சட்டம் போட்டது. ஆயுள் காப்பீடு அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. இந்தியாவில் 2018-இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கிலும் பிரச்சினை இதயம்தான். மரபணுக் கோளாறு என்று காரணம் காட்டி மருத்துவச் செலவைத் தர மறுத்தது பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. அதையடுத்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. வீட்டில் பழைய பாலிசி இருந்தால், எவற்றுக்கெல்லாம் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பட்டியலை எடுத்துப் படித்துப் பாருங்கள்.