வாரம் ஒரு மாத்திரை: 'சாயா' பற்றித் தம்பதிகளுக்கு



முதல் குழந்தைக்கு ஒரு வயசு. அடுத்தது மூன்று வருஷம் கழித்துப் போதும் என்று நினைக்கிறீர்கள். ஆபரேஷன் நிரந்தரம், அது இப்போது வேண்டாம். லூப் என்றால் பயம். தினசரி மாத்திரையோ, விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணுக்கு நாலு நாள் ஞாபகம் இருக்கும், ஐந்தாம் நாள் மறந்துபோகும். "பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டு, கைக்குழந்தை பால்குடி மறக்குமுன்னே மறுபடி கர்ப்பமாகி, ரத்தசோகையோடு வரும் தாய்மார்கள் உண்டு.

இப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது 'சாயா' மாத்திரை. இது வெளிநாட்டுச் சரக்கு அல்ல. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. 1991-ல் 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2016-ல் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்ந்தது. தினசரி மாத்திரையில் உள்ள ஹார்மோன் இதில் கிடையாது. கருப்பையின் உட்சவ்வில் கரு ஒட்டாமல் தடுக்கிறது. பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம்.

மாதவிலக்கான முதல் நாள் முதல் மாத்திரை. அது ஞாயிறு என்றால் அடுத்தது புதன். இப்படி வாரம் இரண்டாக மூன்று மாதம். பிறகு ஞாயிறு மட்டும், வாரம் ஒன்று. நடுவில் விலக்கு வந்தாலும் நிறுத்தக் கூடாது.

ஆரம்பத்தில் சிலருக்கு விலக்கு தள்ளிப்போகும். இங்கேதான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். "தூரம் நின்னு போச்சு, ரத்தம் உள்ளேயே கட்டிக்கும்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வார். அப்படி எதுவும் கட்டிக்கொள்வதில்லை. நாளாக நாளாகச் சரியாகிவிடும். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பமா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். "அப்புறம் குழந்தையே பிறக்காதாமே?" என்பதும் வீண் பயம். நிறுத்திய சில மாதங்களில் கருத்தரிக்கலாம்.

மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த விலக்கு வரும்வரை ஆணுறையும் வேண்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழையபடி வாரம் இரண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

மஞ்சள் காமாலை, ஈரல் நோய், சிறுநீரக நோய், காசநோய், சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது ஆகாது. அதனால் டாக்டரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ எல்லாம் சொன்ன பிறகே வாங்குங்கள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதையும் மனைவி தலையிலேயே வைத்துவிட்டோம். மாத்திரை நாளையாவது நீங்கள் ஞாபகப்படுத்தலாமே! பீஞ்சமந்தை மாதிரி மலை ஊர்க்காரர்கள் கீழே இறங்கும்போது, கையிருப்பு தீரும் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வரலாம். அரசு நிலையத்தில் காசு கிடையாது.