பொருத்துமுனையில் உடன்பாடு: மாதிரித் தொடருந்துக் கழகங்களின் கூடுகைகளும் பிணக்குகளும்

பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய கார் து லெஸ்ட் நிலையத்தின் நிலத்தடி அறைகளில், 1929இல் தொடங்கப்பட்டு ‘அஃபாக்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பிரெஞ்சுத் தொடருந்து நண்பர்கள் சங்கம், தன் மாதிரித் தொடருந்துப் பாதைகளை நெடுங்காலமாகப் பேணி வருகிறது. தச்சு வேலை, மின்சுற்று, ஓவியம், தொடருந்து வரலாறு ஆகிய வெவ்வேறு திறன்களை உடையவர்கள் ஒரே பாதையின்மீது கை வைப்பதே இத்தகைய கழகங்களின் சிறப்பு. அவற்றின் பிணக்குகளுக்கும் அதுவே ஊற்று. உலகெங்கும் உள்ள மாதிரித் தொடருந்துக் கழகங்கள் இப்பிணக்குகளைக் கையாளும் வழிகளைக் கண்டறிந்துள்ளன. சங்கம் அமைப்பதில் ஆர்வம் குன்றாத பாரிஸ் தமிழர்கள் அவற்றை அறிந்துகொள்வது மிகவும் பயனுள்ளது.

முதற் பிணக்கு அளவுவிகிதத்தைப் பற்றியது. அளவுவிகிதம் என்பது உண்மைப் பொருள் எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும். பெரிதும் வழங்கும் ‘எச்ஓ’ முறையில் அது 87 மடங்கு ஆதலால், 20 மீற்றர் நீளமுள்ள பெட்டி 23 சென்ரிமீற்றராகிறது. ‘என்’ முறையில் 160 மடங்கு சுருங்கி உள்ளங்கையில் அடங்குகிறது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடமாட்டா என்பதால், கழகம் தொடங்கும் நாளிலேயே யாரேனும் ஒருவருடைய சேகரிப்பு மேசைக்கு வெளியே நிற்க நேரிடும்.

இதைவிட நுண்ணியது தண்டவாள இடைவெளி பற்றிய வாதம். எச்ஓ முறையின் 16.5 மில்லிமீற்றர் இடைவெளி, ஐரோப்பாவில் பரவலாக உள்ள 1435 மில்லிமீற்றர் பாதையைச் சரியாகவே குறிக்கிறது. பிரித்தானியாவிலோ, உள்நாட்டு இயந்திரங்களின் உடல் சிறியதாக இருந்ததால் அக்கால மோட்டார்கள் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் 76 மடங்குச் சுருக்கத்திற்குப் பெருப்பித்து, தண்டவாளத்தை 16.5 மில்லிமீற்றரிலேயே விட்டுவிட்டனர். அந்த ஒடுக்கமான தோற்றத்தைப் பொறுக்கமாட்டாதவர்கள் 18.2 மில்லிமீற்றருக்கும், பின்னர் 1960களில் 18.83 மில்லிமீற்றருக்கும் சென்று, தத்தமக்கெனத் தனிச் சங்கங்களும் அமைத்துக்கொண்டனர். இரண்டு மில்லிமீற்றருக்காக மனிதர் பிரிவதா என்று வெளியார் வியக்கலாம். ஆனால் உண்மைக்கு எவ்வளவு நெருங்குவது என்ற கேள்வியில் தொழிற்பற்றுள்ள எவரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை, அந்தப் பற்று மதிக்கத்தக்கது.

இதே கேள்வி தமிழருக்கும் காத்திருக்கிறது. 1956இல் ஓடத் தொடங்கி, போரினால் 1990இல் வடக்கிற்கான ஓட்டம் அறுபட்டு, 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தடைந்த யாழ்தேவித் தொடருந்தை எச்ஓ அளவில் செய்ய ஒருவர் விரும்பினால், இலங்கையின் 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை 87 மடங்கு சுருங்கி ஏறத்தாழ 19.3 மில்லிமீற்றராக வர வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தை ஏற்றால் யாழ்தேவி பிற உறுப்பினர்களின் பாதையிலும் ஓடும். சரியான அளவைப் பிடித்துக்கொண்டால் அது தனக்கெனக் கையால் செய்த பாதையில் மட்டுமே ஓடும். ஊரின் வண்டியை அச்சொட்டாகப் பார்க்க விரும்புவோருக்கும், அதை நால்வரோடு சேர்ந்து ஓட்டிப் பார்க்க விரும்புவோருக்கும் இடையிலான இவ்வழக்கில் இரு தரப்புமே நியாயமுடையவை.

இத்தகைய வழக்குகளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை, 1981இல் ஜேர்மனியில் தோன்றிய ‘ஃபிரேமோ’ என்னும் ஐரோப்பிய நண்பர் வட்டத்தின் கூடுகை முறை எனலாம். இங்கே ஒவ்வொருவரும் பாதையின் ஒரு துண்டைத் தம் வீட்டில் செய்து, கூடுகை நாளில் பெரிய மண்டபம் ஒன்றிற்குக் கொண்டுவந்து மற்றவர்களின் துண்டுகளோடு பூட்டுகின்றனர். துண்டின் இரு முனைகளின் வடிவம், பூட்டாணித் துளைகள், மின் இணைப்பு, தரையிலிருந்து தண்டவாளத்தின் 130 சென்ரிமீற்றர் உயரம் ஆகியவை கறாராக வகுக்கப்பட்டுள்ளன; நடுவில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் செய்பவரே பெரிதும் தீர்மானிக்கிறார். ஓவியர் மொனே 1870களில் ஆர்ஜொந்தெய்யில் வாழ்ந்தபோது வரைந்த சேன் நதியின் தொடருந்துப் பாலத்தை ஒருவர் செய்யலாம். இன்னொருவர் பனந்தோப்பு நடுவே ஒரு சிறு நிலையத்தை அமைக்கலாம். இரண்டும் அருகருகே நிற்பது பொருந்துமா என்ற சச்சரவையும், கூடுகைக்கு முன்பே நாட்டையும் காலத்தையும் அறிவித்து, அதற்கேற்ற துண்டுகளை மட்டும் அழைப்பதன்மூலம் பெருமளவு தவிர்க்க முடியும். ஆக, உடன்பாடு தேவைப்படும் இடம் பொருத்துமுனை ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

கூடுகையை நடத்துவதற்கும் திட்டம் வேண்டும். பதிவான துண்டுகளைக் கணக்கிட்டு மண்டபத்தின் வரைபடத்தில் முன்கூட்டியே ஒழுங்குசெய்பவர் ஒருவர், கால அட்டவணை வகுப்பவர் ஒருவர் எனப் பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. நிலையப் பொறுப்பாளர்கள் தொலைபேசியில் வழி கேட்டு வண்டிகளை அனுப்ப, அனைவரும் வேகமாக ஓடும் ஒரே மாதிரிக் கடிகாரத்தைப் பின்பற்றுகின்றனர். ஓட்டுவதில் நாட்டமில்லாதவர்களுக்கும் இடமுண்டு. 1946இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கழகத்தில், மேலே மலையும் வீடும் வண்டியும் செய்வோர் ஒரு குழுவாகவும், பலகைக்கு அடியில் மின்னிணைப்பும் சமிக்ஞையும் கவனிப்போர் மற்றொரு குழுவாகவும் இயங்கினர். அடியில் வேலை செய்த குழுவிலிருந்தே கணினித்துறையின் தொடக்ககால நிரலாளர் சிலர் உருவாயினர்.

எஞ்சுபவை பணமும் உடைமையும் பற்றிய பிணக்குகள். இவையே கழகங்களை உடைக்க வல்லவை. பிரான்சில் இவற்றுக்கு அடிப்படை 1901 யூலை 1ஆம் திகதிச் சட்டம். இலாபம் பங்கிடும் நோக்கமின்றி இருவர் தம் அறிவையோ உழைப்பையோ ஒன்றுசேர்த்தாலே அது சங்கம் என்று அச்சட்டம் கூறுகிறது; வெளிநாட்டவர் சங்கங்களுக்கு அரசின் முன்னனுமதி வேண்டும் என்று 1939இல் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு 1981இல் நீக்கப்பட்டதால், தமிழருக்கும் இவ்வழி தடையின்றித் திறந்தது. நிலுவைச் சந்தாவையும் நடப்பாண்டுச் சந்தாவையும் செலுத்திவிட்டு எந்த உறுப்பினரும் எப்போதும் விலகலாம் என்றும் சட்டம் உறுதியளிக்கிறது. ஆனால் ஒருவர் கொண்டுவந்த பலகையின்மீது கழகப் பணத்தில் வாங்கிய தண்டவாளம் ஒட்டப்பட்டிருந்தால், அவர் விலகும்போது எது யாருடையது என்பதைச் சட்டம் தானாகச் சொல்லிவிடாது. ஆகவே சங்கத்தின் யாப்பில் இதற்கென ஒரு விதி எழுதி, ஒவ்வொரு பொருளும் கழகத்துக்கு அன்பளிப்பா, இரவலா என்பதை அது உள்ளே வரும் நாளிலேயே பதிவேட்டில் குறித்து, கொடுத்தவரும் செயலாளரும் கையொப்பமிட வேண்டும். நட்பு நன்றாக இருக்கும் காலத்தில் இதைக் கேட்பது கூச்சமாகத் தோன்றலாம். எனினும் இருவரும் முகம் கோணாமல் கையொப்பமிடக்கூடிய காலமும் அதுதான்.