ஆற்றுச் சேற்றில் பிளாஸ்டிக்: ஆய்வுக்கு ஏற்ற இடம் எது?

5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். ஆற்றுநீரை மொண்டு பார்த்தால் அந்த நேரத்து நிலவரம் மட்டுமே தெரியும். அடியில் படிந்த வண்டலில்தான் பல மாத வரத்து தங்கியிருக்கும். அந்த வண்டலை எங்கே எடுப்பது என்பதில்தான் ஆய்வின் நம்பகமே இருக்கிறது.

வழக்கமான முறை எளிது: கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. கடலூரில் இது அப்படியே பலிக்காது. உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் இருக்கின்றன. கெடிலம் ஆறு நகரத்தின் ஊடே ஓடிவருகிறது. கடல் பக்கம் துறைமுகம், படகுகள், நைலான் வலைகள். நிலமோ தட்டை. கடல் ஏறும்போது நீர் ஆற்றுக்குள் புகுந்து, கீழே கலந்ததை மேலே தள்ளிவிடும். ஆகவே ‘மேலே’ எடுத்த சேறும் சுத்தமான ஒப்பீடாக இருக்காது. ஒப்பீட்டுப் புள்ளி, கடல்நீர் ஏறும் எல்லைக்கு அப்பால் இருந்தாக வேண்டும்.

சிதம்பரம் பக்கத்து வெள்ளாற்றில் அதற்கு வசதி உண்டு. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்கு மேலே ஓதம் எட்டாது. ஆனால் அணையை ஒட்டினாற்போல் எடுக்கக் கூடாது. தேங்கும் நீரில் வண்டலும் துகளும் கூடுதலாகப் படியும். அங்கிருந்து புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டை முகத்துவாரம் வரை புள்ளிகளை வரிசையாக வைக்கலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல்லாண்டுகளாக இந்தக் கழிமுகத்தை ஆராய்ந்துவருவது பெரிய பலம். பிச்சாவரத்துச் சதுப்பு தனி வகை: வேர்களுக்கிடையே நீர் வேகம் குறைந்து நுண்சேறு தங்குகிறது. அதை ஆற்று நடுமணலோடு ஒப்பிடுவது தவறு.

காரணம், துகள்கள் பொதுவாக நுண்சேற்றோடுதான் சேர்ந்து படிகின்றன. ஆற்று வளைவின் உட்பக்கத்தில் படிவு, வெளிப்பக்கத்தில் அரிப்பு; சில அடி தள்ளி எடுத்தாலே கணக்கு மாறும். எனவே ஒவ்வொரு புள்ளியிலும் சில மாதிரிகளை எடுத்து, மணல்-களி விகிதத்தையும் அளந்தாக வேண்டும். மேல் 5 செ.மீ. சேற்றை எஃகுக் கரண்டியால் அள்ளிக் கண்ணாடிக் குப்பியில் இடுவது நல்லது. பிளாஸ்டிக் டப்பா தன் துகளையே மாதிரியில் கலந்துவிடும்.

காலமும் இடத்தைப் போலவே முக்கியம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி ஆறுகளில் செய்த ஆய்வு, வெள்ளம் ஆற்றுப்படுகையின் துகளில் சுமார் 70 சதவீதத்தை அடித்துச் சென்றதாக 2018இல் காட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும் கடலூரில், மழைக்கு முன்னும் பின்னும் அதே புள்ளிகளில் எடுத்தால்தான் படுகையில் தங்கியது எவ்வளவு, கடலுக்குப் போனது எவ்வளவு என்று பிரித்தறிய வழி உண்டு.