முடிந்த கதையை யார் தொடர்வது?

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் படித்து முடித்தவர் எவரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்ததில்லை. நந்தினி எங்கே போனாள்? வந்தியத்தேவன் பிறகு என்ன செய்தான்? அருள்மொழி எப்போது அரியணை ஏறினார்? 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோதே வாசகர்கள் இப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கல்கியும் கதையை முடித்தபின் முடிவுரை ஒன்று எழுதி, இந்தக் கேள்விகள் பலவற்றுக்குப் பதில் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார். கேள்விகள் மட்டும் மறையவில்லை. 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அதன் தொடர்ச்சியை எழுதினார். வெகு காலம் கழித்து அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். கல்கி பாதியில் விட்டுச் சென்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி முடித்து வைத்தார்.

இந்தப் பழைய செய்தியை இப்போது நினைவூட்டக் காரணம் நம் பிள்ளைகள்தான். நம் போவன்பள்ளிக் குடும்பங்கள் சிலவற்றில், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் தமக்குப் பிடித்த வீடியோ கேம் ஒன்றின் பெயரைச் சொல்லி, "அதுக்கு அடுத்த பாகம் வரவே வராதாம், நாங்களே செய்யப் போறோம்" என்று கிளம்பியிருக்கிறார்கள். பெற்றோருக்கு இரண்டு கவலை. இது வெறும் பொழுதுபோக்கு, படிப்பு கெடும் என்பது ஒன்று. இன்னொருவர் சொத்தில் கை வைத்து ஏதாவது வழக்கு வம்பு வருமோ என்பது மற்றொன்று. முதல் கவலைக்கு நேரடியாக என்னிடம் பதில் இல்லை. அது வீட்டுக்கு வீடு மாறும். இரண்டாவதைப் பற்றிச் சற்று விவரமாகவே பேசலாம். அதைப் பேசினால் முதல் கவலைக்கும் பாதி விடை தானே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ரோல் பிளேயிங் கேம் என்பதைப் பெரியவர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், நாமே உள்ளே புகுந்து நடத்தும் தொடர்கதை. சுட்டுத் தள்ளுவதும் கார் ஓட்டுவதும் இதில் முக்கியமல்ல. ஒரு பாத்திரத்தை ஏற்று ஊர் ஊராக நடக்க வேண்டும். எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். சண்டை வந்தால் யோசித்து முறை வைத்து அடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அனுபவம் சேரும். முடிக்க முப்பது, நாற்பது மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் உடன் நடந்த மனிதர்களை விட்டுப் பிரிவது எளிதல்ல. அடுத்த பாகம் வேண்டும் என்ற ஏக்கம் இந்த வகை விளையாட்டுகளில் அதிகமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

உலகெங்கும் ரசிகர்கள் இப்படி ஏங்கிய விளையாட்டுகளில் ஒன்று ஜப்பானில் பிறந்த 'மதர்'. அதை எழுதிய ஷிகெசாடோ இடோய் கணிப்பொறிக்காரர் அல்லர்; விளம்பர வாசகங்களும் கட்டுரைகளும் எழுதிப் புகழ்பெற்றவர். 1986-இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை ஆடி மயங்கி, அதே முறையில் தாமும் ஒன்று செய்ய ஆசைப்பட்டார். ஆனால் வாளும் கோட்டையும் டிராகனும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இன்றைய ஊர், இன்றைய தெரு, பேஸ்பால் மட்டையோடு கிளம்பும் ஒரு பையன்: இதுதான் 1989-இல் வந்த முதல் பாகம். 1994-இல் இரண்டாம் பாகம் வந்தது. அது மறு ஆண்டு 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் அமெரிக்கா போனது. மூன்றாம் பாகம் 2006-இல் ஜப்பானில் மட்டும் வந்தது. நான்காவது கிடையாது என்று இடோய் சொல்லிவிட்டார்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. விளையாட்டின் தொடக்கத்திலேயே உங்களுக்குப் பிடித்த உணவு எது என்று கேட்டு வாங்கிக் கொள்வார்கள். எதற்கு என்று அப்போது புரியாது. பையன் வீட்டை விட்டு வெகுதூரம் வந்தபின் திடீரென்று சண்டைக்கு நடுவே கை ஓங்காமல் நின்றுவிடுவான். அம்மாவின் நினைவு வந்துவிட்டது, அந்த உணவின் நினைவு வந்துவிட்டது என்று திரையில் எழுத்து வரும். வீட்டு ஏக்கம் அந்த விளையாட்டில் ஒரு நோய். மருந்துக் கடையில் அதற்கு மருந்து கிடையாது. ஒரு தொலைபேசியைத் தேடிப் பிடித்து அம்மாவோடு பேசினால்தான் தீரும். அப்பாவோ கடைசிவரை கண்ணில் படவே மாட்டார். போனில் குரல் மட்டும்தான். பையனின் வங்கிக் கணக்கில் பணம் போடுவார். ஆடியதுவரை கணக்கைச் சேமித்துக் கொடுப்பவரும் அவரே. பிள்ளை வெகு நேரம் ஆடிக் கொண்டிருந்தால், "கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளேன்" என்று அவரே கூப்பிடவும் செய்வார். (இந்த வசதியை எல்லா விளையாட்டுக் கம்பெனிகளும் வைத்தால் நாம் தொண்டை வற்றக் கத்த வேண்டியதில்லை.)

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? எஸ்.டி.டி. பூத்தில் இரவு பத்து மணிக்கு மேல் வரிசையில் நின்றவர்கள் நாம். நம் பிள்ளைகள் ஒரு ஜப்பானிய விளையாட்டில் மனம் ஒன்றிப் போகிறார்கள் என்றால், அது பிற நாட்டு மோகம் மட்டும் அல்ல என்பது என் கருத்து.

சரி, அடுத்த பாகத்துக்கு வருவோம். மூன்றாம் பாகம் ஆங்கிலத்தில் வராது என்று ஆனபின், அமெரிக்க ரசிகர்கள் தாங்களே அதை மொழிபெயர்த்தார்கள். கிளைட் மாண்டலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் முன்னின்றார். சுமார் இரண்டாண்டு ஊதியமில்லா உழைப்பு. 2008 அக்டோபரில் வெளியிட்டார்கள். நின்டெண்டோ விரும்பினால் தம் மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். கம்பெனி அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 1995-இல் வந்த 'கிரோனோ டிரிக்கர்' இன்றும் கொண்டாடப்படும் விளையாட்டு. ரசிகர் குழு ஒன்று பழைய விளையாட்டின் உட்பகுதியையே மாற்றி எழுதி, 'கிரிம்சன் எக்கோஸ்' என்று ஒரு தொடர்ச்சியைப் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கியது. 2009 மே மாதம், வெளியிட வேண்டிய நேரத்தில், உரிமையுள்ள ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனியிடமிருந்து வக்கீல் கடிதம் வந்தது. அத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு காசு சம்பாதிக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை; ஆனாலும் சட்டத்தின் முன் அது போதவில்லை. 'மதர் 4' என்ற பெயரில் நான்காம் பாகத்தைத் தாமே செய்ய முனைந்த இன்னொரு குழு இதைக் கண்டு பாடம் படித்ததோ என்னவோ, 2020-இல் பெயரை 'ஆடிட்டி' என்று மாற்றி, பழைய விளையாட்டின் அடையாளங்களை எடுத்துவிட்டது.

இங்கேதான் பிள்ளைகளுக்கு நாம் புரிய வைக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. கல்கியை வைத்தே சொல்கிறேன். ராஜராஜன், குந்தவை, வந்தியத்தேவன் மூவரும் வரலாற்றில் உள்ளவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே வல்லவரையர் வந்தியத்தேவரைக் குந்தவையின் கணவராகக் குறிக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் எழுதலாம். பாலகுமாரன் 'உடையார்' எழுதியதற்கு யாரைக் கேட்க வேண்டும்? நந்தினியும் பூங்குழலியும் அப்படி அல்ல. அவர்கள் கல்கியின் மனத்தில் பிறந்தவர்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் அவர் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. கல்கிக்கு அந்தக் கணக்கு 2014 டிசம்பரோடு முடிந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே இன்று நந்தினியின் பின்கதையை யாரும் எழுதலாம், வீடியோ கேமாகவே செய்யலாம். ஆனால் தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்களை எடுத்துப் போடக் கூடாது. அவர் காலமானது 1968-இல். அவருடைய 60 ஆண்டுகள் 2028 டிசம்பர் வரை இருக்கின்றன. 2022, 2023-இல் வந்த திரைப்படங்களின் முகங்களையும் இசையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீடியோ கேமுக்கும் இதே பிரிவினைதான். ஊர் ஊராக நடப்பது, முறை வைத்து அடிப்பது, அனுபவம் சேர்ப்பது எல்லாம் ஆட்ட முறை. அது யாருடைய தனிச் சொத்தும் அல்ல. இடோயே அதை இன்னொருவரிடமிருந்துதான் கற்றார். பெயர், பாத்திரம், படம், இசை, எழுதிய வசனம், கணிப்பொறிக் கட்டளைகள் ஆகியவை உரிமையாளருடையவை. இடோய் 1948-இல் பிறந்தவர், இன்றும் எழுதிக் கொண்டிருப்பவர். அவர் விளையாட்டுக்குக் காலக்கெடு முடிவதை நம் பிள்ளைகளின் பிள்ளைகள் வேண்டுமானால் பார்ப்பார்கள்.

இந்தப் பிரிவினையைத் தம் வாழ்க்கையிலேயே செய்து காட்டியவர் டோபி ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். 2008-இல், பள்ளி வயதில், 'எர்த்பவுண்ட்'டின் உட்பகுதியை மாற்றி ஒரு ரசிக விளையாட்டைச் செய்தார். அதற்குத் தாமே ஒரு இசையும் அமைத்தார். பிறகு அந்த ஊரையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டு, அதில் தம்மைக் கவர்ந்த சிரிப்பையும் கனிவையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைத் தொடங்கினார். 2013-இல் பொதுமக்களிடம் 5,000 டாலர் கேட்டார். 51,000 டாலருக்கு மேல் வந்தது. 2015 செப்டம்பரில் 'அண்டர்டேல்' வெளிவந்தது. எதிரி ஒருவரையும் கொல்லாமல், பேசியே முடிக்கக் கூடிய விளையாட்டு. பள்ளி வயதில் அமைத்த அந்தப் பழைய இசையும் அதில் இருக்கிறது. அது அவருடையது என்பதால் கூடவே எடுத்துவர முடிந்தது.

இப்போது நம் தெருவில் கற்பனை செய்து பாருங்கள். காய்கறி மார்க்கெட் யார்டுக்குப் பின்னால் ஒரு வீடு. அப்பா மஸ்கட்டில், போனில் குரல் மட்டும். பெண் பிள்ளை ஒருத்தி பள்ளிப் பையோடு கிளம்புகிறாள். வழியில் தெரு நாய்கள், காக்கைகள். கன்டோன்மென்ட் சாலைகள் மூடியிருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. விளையாட்டில் அது நேரம் பார்த்துத் திறக்கும் மாயக் கதவாகலாம். மார்க்கெட்டின் அழுகிய காய்கறிகளிலிருந்து மின்சாரம் எடுப்பதைப் பற்றி 2021 ஜனவரியில் பிரதமரே வானொலியில் பேசினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 டன் கழிவு என்றார்கள். அழுகிய கத்தரிக்காயிலிருந்து சக்தி பெறும் கதாநாயகி ஜப்பானியருக்கும் தோன்றாதவள்! இரண்டாம் அத்தியாயம் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. மூன்றாவதில் பாட்டி வீடு. இதில் இடோயின் பெயரோ படமோ ஒன்றும் இல்லை. வீட்டு ஏக்கம் மட்டும் இருக்கிறது. அதற்கு உரிமை கோரி நமக்கு யாரும் வக்கீல் கடிதம் அனுப்ப முடியாது.

இதில் பெரியவர்களுக்கும் வேலை உண்டு. இத்தகைய விளையாட்டில் தெருவில் நிற்கும் ஒவ்வொருவரும் இரண்டு வரியாவது பேச வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான ஆட்கள். நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். திருநெல்வேலிப் பாட்டி எப்படிப் பேசுவாள், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் முதலியார் வீட்டுத் தாத்தா தெலுங்கும் உருதும் கலந்து எப்படிப் பேசுவார் என்று எழுதித் தர நம்மிடம் ஆள் இல்லையா? தாங்கள் செய்யும் விளையாட்டில் வரும் வசனத்தைப் பிள்ளைகள் படிக்காமல் இருக்க முடியாது.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 'கோடோ' என்ற மென்பொருள் இலவசம். 2023-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சரியாகக் காட்டும். இது சிறிய விஷயமல்ல. கணிப்பொறி 'கெ' என்பதில் முதலில் 'க'வைத்தான் சேமிக்கும்; ஒற்றைக் கொம்பைப் பின்னால் வைத்து, திரையில் காட்டும்போது முன்னால் கொண்டுவர வேண்டும். அது தெரியாத மென்பொருளில் கொம்பும் எழுத்தும் இடம் மாறி, பாட்டி பேசுவது யாருக்கும் புரியாது. வசனப் பெட்டியையும் சற்று அகலமாக வைக்க வேண்டும், நம் சொற்கள் நீளமானவை. 'எர்த்பவுண்ட்'டில் பிடித்த உணவை எழுத ஆறு எழுத்துக்குத்தான் இடம். அங்கே 'ஸ்டேக்' போதும். 'வத்தக்குழம்பு' நம் கணக்கில் எட்டு எழுத்து, புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும் கணிப்பொறியின் கணக்கில் பதின்மூன்று. செய்கிற பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்கு முதலிலேயே இருபது இடமாவது ஒதுக்கிவிடட்டும்.