பலாலிக்கு எத்தனை பரப்புக் காணி தேவை?

நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழா நெருங்கும்போது லண்டன், பாரிஸ், டொராண்டோ என்று எங்கெங்கோ இருக்கும் யாழ்ப்பாணத்தார் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கட்டுநாயக்காவில்தான் இறங்குகிறார்கள். கைக்குழந்தையும் முதிய பெற்றோருமாக அங்கிருந்து ஏழெட்டு மணி நேரம் வடக்கே வரவேண்டும். யாழ்ப்பாணத்துக்கென்றே பலாலியில் ஒரு சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. ஊர்ச் சங்கமோ கோயில் சங்கமோ பணம் சேர்த்து ஒரு விமானத்தை முழுதாக வாடகைக்குப் பிடித்து, அதாவது சார்ட்டர் செய்து, நேரே அங்கே இறங்க முடியாதா?

லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் முடியாது. ஓடுபாதை அவ்வளவு நீளமில்லை. ஆனால் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருவதானால் இன்றைக்கே முடியும். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில், பலாலி இருக்கும் வலிகாமம் வடக்கின் காணிப் பிரச்சினை முழுவதும் கிடக்கிறது.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை அமைத்தது. சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1947 டிசம்பர் 10 அன்று, ஏர் சிலோன் தன் முதல் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையில் புறப்பட்ட டகோட்டா காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கிப் பிறகு சென்னைக்குப் பறந்தது. ஏர் சிலோனின் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணம் ஒரு நிறுத்தமாக இருந்தது. இருபத்துச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு நீளம் குறைந்த தளங்களில் இறங்கி ஏறுவதற்குப் பேர்போன விமானம் டகோட்டா. அந்தக் காலத்துக்கு அந்த ஓடுபாதை போதுமானது.

1970களின் இறுதியில் ஏர் சிலோன் முடிவுக்கு வந்தது. அடுத்து வந்தது போர். 1990இல் பலாலியைச் சுற்றிய ஊர்கள் காலியாகின. நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று, விமானத்தளம் முழுக்க இராணுவத்தின் கைக்குப் போனது. தரைப்பாதை அடைபட்டிருந்த ஆண்டுகளில் கொழும்புக்குப் போய்வர மக்களுக்குக் கடலும் வானமும்தான் மிச்சம். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்ப் பக்கக் கடலில் விழுந்தது. பெலாரஸ் நாட்டிலிருந்து பணியாளர்களோடு வாடகைக்கு எடுத்த அன்டோனோவ் 24 அது. பயணிகளும் பணியாளர்களுமாக 55 பேர் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. சுட்டு வீழ்த்தப்பட்டது என்பதே முடிவு. சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2012இல்தான். அந்தக் குடும்பங்கள் 14 ஆண்டுகள் காத்திருந்தன. பலாலியின் விமானங்களைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

போருக்குப் பின், பலாலி நிலையம் 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து சேவை நின்றது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னைச் சேவையைத் தொடங்கி, 2025 மார்ச் இறுதியில் திருச்சியையும் இணைத்தது. இந்தச் சேவைகளில் பறப்பவை எல்லாம் ஏ.டி.ஆர். 72 வகை. இரண்டு காற்றாடி எஞ்சின்களும் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையிலான இருக்கைகளும் கொண்டவை. வேறு வகை பெரிதாக வராததற்குக் காரணம், பயணிகள் சேவைக்காகப் புதுப்பித்துத் தரப்பட்ட ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர் என்பதுதான்.

1,400 மீட்டர் என்றால் என்ன என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏ.டி.ஆர். 72-600 முழு எடையோடு கிளம்ப 1,300 மீட்டர் சொச்சம் தேவை என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அது கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலைக்குச் சொன்ன கணக்கு. பலாலி கடல் மட்டத்தை ஒட்டியதுதான், ஆனால் அங்கே பகலில் 15 டிகிரி என்றுமே கிடையாது. 32, 33 டிகிரியில் காற்று அடர்த்தி குறைகிறது. இறக்கைக்குத் தூக்கும் விசை குறைந்து, எஞ்சினும் கொஞ்சம் தளர்கிறது. அதனால் ஓடவேண்டிய தூரம் கூடும். தூரத்தைக் கூட்ட வழியில்லாத இடத்தில் எடையைத்தான் குறைக்க வேண்டும். எடை என்றால் எரிபொருள், ஆள், பெட்டி. எரிபொருளைக் குறைக்க ஓர் எல்லை உண்டு. போகுமிடத்தில் நிரப்ப வசதி இல்லாவிட்டால் திரும்பும் எரிபொருளையும் சுமந்துகொண்டே வரவேண்டியிருக்கும். எஞ்சுவது ஆளும் பெட்டியும். கல்யாணத்துக்குச் சென்னையில் பட்டு எடுத்துக்கொண்டு வருகிற குடும்பத்திடம் கவுண்டரில் எடை பார்த்துக் கறார் காட்டுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கக்கூடும்.

பலாலிக்கு இயற்கை ஓர் உதவி செய்திருக்கிறது. ஓடுபாதை தென்மேற்கு–வடகிழக்காகக் கிடக்கிறது. பாதி வருடம் சோளகம், பாதி வருடம் வாடை என்று யாழ்ப்பாணத்துக் காற்று அடிக்கும் திசைகளும் ஏறக்குறைய அவைதாம். எதிர்க்காற்றில் கிளம்பினாலும் இறங்கினாலும் தூரம் மிச்சமாகும்.

இறங்குவதற்கு விதி இன்னும் இறுக்கம். ஓடுபாதை முழுவதும் நிற்கப் போதும் என்பதல்ல கணக்கு. சர்வதேச அளவில் பரவலாக உள்ள விதிப்படி, காற்றாடி எஞ்சின் பயணிகள் விமானம் இருக்கும் நீளத்தின் 70 சதவீதத்துக்குள், ஜெட் என்றால் 60 சதவீதத்துக்குள், நின்றுவிடக்கூடியதாக இருக்க வேண்டும். பலாலியில் அது முறையே 980 மீட்டரும் 840 மீட்டரும் ஆகிறது. ஓடுபாதை நனைந்திருந்தால் மேலும் 15 சதவீதம் ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில், தகுதி பெற்ற சார்ட்டர் நிறுவனங்களுக்கு, அனுபவமுள்ள இரண்டு விமானிகள் இருந்தால் 80 சதவீதம் வரை சலுகை உண்டு. அப்படியொரு சலுகையைப் பலாலியில் யாரும் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம். மாரிமழையில் நனைந்த தளத்தில் மிச்சம் இருக்கும் அந்த 30 சதவீதம்தான் பயணிகளின் பாதுகாப்பு.

நீளம் குறைந்த தளம் பெரிய ஊருக்குப் பயன்படாது என்றும் சொல்ல முடியாது. லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். அங்கிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009இல் நியூயார்க்குக்கே சேவை நடத்தத் தொடங்கியது. நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய ஏர்பஸ் 318இல் 32 இருக்கைகள் மட்டும் வைத்தார்கள். அப்படியும் நியூயார்க் வரைக்குமான எரிபொருளோடு அங்கிருந்து கிளம்ப முடியவில்லை. அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனார்கள். பணக்காரப் பயணிகள் அந்தச் செலவைத் தாங்கினார்கள். பலாலிக்கு வர நினைப்போரில் பெரும்பாலோரால் தாங்க முடியாது.

ஆகவே தூரதேச சார்ட்டர்களை இப்போதைக்கு மறந்துவிட்டு, கைக்கெட்டும் தூரத்தைப் பார்ப்பது நல்லது. பலாலியிலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டருக்கும் குறைவு, சென்னை சுமார் 350. சார்ட்டரில் வாடகைக்கு எடுப்பவர் விமானம் வெறுமையாகத் திரும்பும் நேரத்துக்கும் பணம் கட்ட வேண்டும். அதனால் தூரம் குறையக் குறைய அது சாதாரண மனிதருக்குக் கிட்டே வரும். எழுபது பேர் சேர்ந்தால் ஓர் ஏ.டி.ஆர். நிறைந்துவிடும். ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ சிதம்பரம் போகும் அடியார் கூட்டத்துக்கு எழுபது பேர் பெரிய எண்ணிக்கை இல்லை. அவசர நோயாளியைச் சென்னைக்குக் கொண்டுபோகக் கிங் ஏர் போன்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானம் போதும். அதற்கு 1,400 மீட்டர் தாராளம். இவற்றுக்கு ஓர் அடி நிலமும் புதிதாக வேண்டாம். முன்கூட்டியே தெரியும் அனுமதி முறையும், கேட்ட நேரத்தில் குடிவரவு, சுங்க அதிகாரிகள் இருப்பதும், நியாயமான தரையிறங்கு கட்டணமும் வேண்டும்.

இனி நிலக் கணக்கு. ஓடுபாதையை நீட்டத்தான் வேண்டும் என்று சொல்வோர் கேட்பது ஏர்பஸ் 320 வந்துபோகக் கூடிய 2,300 மீட்டர் அளவு. கேட்பதில் தவறில்லை, நானும் அதை விரும்புகிறேன். அதற்கு எவ்வளவு காணி வேண்டும்? இந்த வகை ஓடுபாதைக்கு நடுக்கோட்டின் இரு பக்கமும் 140 மீட்டர் வெட்டவெளியாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை. 900 மீட்டர் நீட்டிப்பு முழுவதும் புது நிலத்தில்தான் என்று வைத்தாலும் 900 பெருக்கல் 280, அதாவது சுமார் 62 ஏக்கர். யாழ்ப்பாணக் கணக்கில் ஏக்கருக்கு 16 பரப்பு. ஆக ஆயிரம் பரப்புக்குச் சற்றுக் குறைவு. இருக்கும் ஓடுபாதையையும், இரு முனைகளிலும் விட வேண்டிய பாதுகாப்புப் பரப்பையும் சேர்த்து, எல்லாவற்றையும் முழு அகலத்தில் முதலிலிருந்து கணக்கிட்டாலும் 200 ஏக்கர் அளவில் அடங்கும். முனையமும் தரிப்பிடமும் தனி.

2013இல் வலிகாமம் வடக்கில் சுவீகரிக்கப்போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது 6,381 ஏக்கருக்கு. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017இல் மயிலிட்டித் துறைமுகம், பிறகு துண்டு துண்டாகச் சில ஊர்கள் என்று ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. இன்னும் வீட்டுக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். கேணியும் கிணறும் செம்மண் தோட்டமுமாக இருந்த காணியின் உறுதியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். விமான நிலைய விரிவாக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர்கள் பதறுவது, எவ்வளவு நிலம் என்று யாரும் சொல்லாததால்தான்.

இறங்குபாதைக்கு நேர் கீழே வரும் நிலத்திலும் உயரத்துக்குத்தான் கட்டுப்பாடு. பனையையும் மாடிவீட்டையும் அங்கே தடுக்க நேரிடலாம். வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் நடத் தடையில்லை. அந்த நிலத்தில் முள்வேலி அடித்து ஆளை வெளியே நிறுத்த விமானப் பாதுகாப்பு விதி எதுவும் கேட்கவில்லை. அப்படி நிறுத்துவது இராணுவத் தேவை என்றால் அதை அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும், விமான நிலையத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

விரிவாக்கத் திட்டத்தோடு முதலில் வெளிவர வேண்டியது ஒரு வரைபடம். ஓடுபாதை எங்கே முடிகிறது, பாதுகாப்புப் பரப்பு எங்கே முடிகிறது, எந்தெந்தக் காணித்துண்டு அதற்குள் வருகிறது என்பது பலாலி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி ஊர்க்காரர்கள் தங்கள் உறுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அதில் தெளிவாக இருக்க வேண்டும். உள்ளே வருபவருக்குச் சந்தை விலையும் மாற்றுக் காணியும் கொடுக்க வேண்டும். வெளியே நிற்கும் காணியை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க, ஓடுபாதை நீளும்வரை காத்திருக்கத் தேவையில்லை.